உதட்டை முந்திய குரல்

பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று ஆலோசனை கேட்க என்னிடம் வந்த அந்த அம்மா, உட்கார்ந்ததும் மகளைப் பற்றிப் புகார்தான் சொன்னார். "எந்தப் படத்தைப் போட்டாலும் குற்றம் கண்டுபிடிக்கிறாள் சார். வசனம் தள்ளி வருகிறது என்கிறாள், விளம்பரம் வந்ததும் சத்தம் ஏறிவிட்டது என்கிறாள், சப்டைட்டிலில் எழுத்துப் பிழை என்கிறாள். வீட்டில் ஒருவரும் நிம்மதியாக ஒரு படம் பார்க்க முடியவில்லை." அப்பா வாய் திறக்கவில்லை. அவர் மடியில் வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட ஒரு கையேடு இருந்தது. நான்கு வருட விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு. சித்தப்பாவின் சிபாரிசு. முன்பணம் கட்டக் கடைசித் தேதியைக்கூட அவரே விசாரித்துச் சொல்லிவிட்டாராம். வீட்டை அடமானம் வைத்தால் தொகை சரியாக வந்துவிடும், "சார் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல ஆறுதலாகப் பேசினேன். நல்ல துறைதான், கவலைப்படாதீர்கள், யோசித்து முடிவெடுக்கலாம் என்றெல்லாம் சொன்னேன். பிறகு கையேட்டை வாங்கிக் கட்டணப் பக்கத்தைப் பார்த்தேன். ஆறுதல் அத்தோடு நின்றுவிட்டது. அந்த அப்பாவிடம் சொன்னதை, சித்தப்பாவும் படிக்கட்டும் என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

ஐயா, சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை. விஷுவல் எஃபெக்ட்ஸ் இல்லாமல் இன்று பெரிய படம் எதுவும் வெளிவருவதில்லை. ஆனால் ஒரு துறைக்கு வேலை நிறையக் கிடைப்பது வேறு, அந்தத் துறையில் இருப்பவர் கையில் காசு நிற்பது வேறு. 2013 பிப்ரவரியில் ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற அமெரிக்க நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே மாதத்தில் அவர்கள் உழைத்த படம் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கரை வென்றது. விழா அரங்குக்கு வெளியே அதே தொழிலைச் செய்பவர்கள் கூடி நின்று முழக்கமிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2025 பிப்ரவரியில், நூறாண்டுப் பெயரைச் சுமந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தது. எம்பிசி, தி மில் போன்ற அதன் புகழ்பெற்ற கூடங்களில் இருந்தவர்கள் பல நாடுகளில் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள்.

திறமை இல்லாததால் விழுந்த நிறுவனங்கள் அல்ல இவை. தொழிலின் கணக்கே அப்படி. தயாரிப்பு நிறுவனம் ஏலம்போல விலை கேட்கும். குறைவாகச் சொன்னவருக்கு மொத்தமாக ஒரு தொகை பேசி வேலை போகும். அதன்பின் இயக்குநர் ஒரே காட்சியைப் பத்து முறை மாற்றச் சொன்னாலும் பெரும்பாலும் அந்தச் சுமை வேலை எடுத்தவர் தலையில்தான். இதற்கு மேல் நாடுகளுக்கு இடையிலான போட்டி. எந்த அரசு அதிக வரிச்சலுகை தருகிறதோ அங்கே வேலை நகரும், கலைஞர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டும். போதாததற்கு, ரோட்டோ என்று அவர்கள் சொல்லும் வேலை இருக்கிறது: ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது படத்தை உண்டாக்கும் ஒவ்வொரு அசையாப் படத்திலும், ஆளின் உருவத்தைச் சுற்றிக் கோடு வெட்டிப் பிரிப்பது. புதிதாக வருபவர் பலருக்கு இதுதான் நுழைவாயில். செயற்கை நுண்ணறிவு முதலில் கை வைத்திருப்பதும் இங்கேதான்.

இவ்வளவுக்கும் பிறகு, வரைந்தே தீருவேன் என்று நிற்கிற பிள்ளையாக இருந்தால் நான் தடுக்க மாட்டேன். உங்கள் மகளிடம் கேட்டேன்: கடைசியாக எப்போது தானாக உட்கார்ந்து ஒரு படம் வரைந்தாய்? யோசித்துப் பார்த்துவிட்டு, பள்ளியில் உடற்கூற்றுப் பாடத்துக்கு இதயம் வரைந்ததாகச் சொன்னாள். இந்தப் பதிலோடு நான்கு வருடக் கலைப் படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. வைக்கக் கூடாது என்றே சொல்கிறேன்.

சரி, அவள் என்னதான் செய்கிறாள்? குற்றம் கண்டுபிடிக்கிறாள். அதைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம் என்று என் கணினியில் ஒரு சிறு காட்சியைப் போட்டேன். ஒருவர் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசும் காட்சி. ஒலியை இரண்டு ஃபிரேம் முன்னால் நகர்த்தி வைத்திருந்தேன். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் இரண்டு ஃபிரேம் என்பது 83 மில்லி விநாடி, கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. அப்பா, அம்மா இருவருக்கும் எதுவும் தெரியவில்லை. மகள் மூன்றாவது சொல்லிலேயே, "குரல் உதட்டை முந்துகிறது" என்றாள். ஒலியைப் பின்னால் தள்ளி அதே அளவு தாமதமாக்கினேன். இம்முறை சற்றுத் தயங்கி, "இப்போது சரியாக இருப்பதுபோல இருக்கிறது, ஆனால் சரியில்லை" என்றாள்.

அந்தத் தயக்கத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று இதைத்தான் எண்ணில் சொல்கிறது. ஒலி ஏறத்தாழ 45 மில்லி விநாடி முந்தினாலே மனிதருக்குத் தெரிந்துவிடும். பிந்தினால் 125 மில்லி விநாடி வரை பிடிபடுவதில்லை. தூரத்தில் துணி துவைப்பவரைப் பாருங்கள். அடி விழுவது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். ஒலி தாமதமாக வருவதை நம் மூளை பிறந்ததிலிருந்து மன்னித்துப் பழகியிருக்கிறது. முந்தி வரும் ஒலி இயற்கையிலேயே கிடையாது. உங்கள் மகள் மன்னிக்க வேண்டிய எல்லைக்குள்ளேயே சந்தேகப்பட்டுவிட்டாள். நக்கீரர் பரம்பரை. (ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி பிந்தி வருவதுண்டு. அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் சண்டை போட்டிருந்தால் மட்டும் குற்றம் ஹெட்போனுடையது. அதையும் சொல்லி வைத்தேன்.)

நக்கீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் மூலை ஒன்று இந்தத் துறையில் இருக்கிறது. தரக்கட்டுப்பாடு, தொழிலில் சுருக்கமாகக் கியூசி. படப்பிடிப்பு, எடிட்டிங், கலர், ஒலிக்கலவை எல்லாம் முடிந்து படம் தியேட்டருக்கோ சேனலுக்கோ ஓடிடி தளத்துக்கோ போகும் முன்பு கடைசியாக அதைப் பார்ப்பவர் கியூசி ஆள். அவர் 'பாஸ்' என்று எழுதினால்தான் கோப்பு வெளியே போகும். எந்தக் கையேட்டின் அட்டையிலும் இவர் படம் இருக்காது.

அரை இருட்டான அறை, நிறமும் வெளிச்சமும் அளந்து சரிசெய்த மானிட்டர், நல்ல ஸ்பீக்கர். இரண்டு மணி நேரப் படத்தை இரண்டு மணி நேரமும் ஓட்டித் தள்ளாமல் பார்க்க வேண்டும், சிலவற்றை இரண்டு முறை. பிழை கண்டால் நிறுத்தி டைம்கோடு குறிக்க வேண்டும்: 01:12:47:09. மணி, நிமிடம், நொடி, ஃபிரேம். அதன் எதிரே என்ன பிழை, எவ்வளவு கடுமை, படத்திலா ஒலியிலா எழுத்திலா என்று எழுத வேண்டும். இருண்ட காட்சியில் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி, சட்டத்தின் மேல் விளிம்பில் எட்டிப் பார்க்கும் மைக், ஒட்டு போட்ட இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம், இடது ஸ்பீக்கருக்கும் வலதுக்கும் இடம் மாறிய ஒலி. 'சந்தேகமாக இருக்கிறது' என்று எழுத இடமில்லை. மறுமுனையில் இருப்பவர் அந்த ஃபிரேமைத் திறந்து பார்த்தால் அது அங்கே இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது எம் அண்ட் இ பரிசோதனை. ஒரு படத்தை வேறு மொழியில் டப்பிங் செய்ய, வசனம் மட்டும் இல்லாத ஒலித்தடம் ஒன்று தேவை: இசையும் மற்றச் சத்தங்களும் மட்டும். படப்பிடிப்பில் வசனத்தோடு சேர்ந்து பதிவான காலடி, நாற்காலி இழுபடும் ஓசை எல்லாம் வசனத்தை எடுக்கும்போது கூடவே போய்விடும். அவற்றைத் தனியாகச் செய்து நிரப்புவார்கள். கியூசி ஆள் அந்தத் தடத்தைக் கேட்டுக்கொண்டே, பேசியபடி நடந்து வரும் கதாநாயகிக்குக் காலடி ஓசை இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்காது, பல முறை. மௌனமாக மிதந்து வருவாள் பாவம். ஒரு மூச்சு, ஒரு 'ம்' அந்தத் தடத்தில் மிச்சமிருந்தால் அதுவும் பிழை, டப்பிங் ஆன படத்தில் அவள் இரண்டு குரலில் பேசுவாள். இல்லாத சத்தத்தைக் கேட்கும் காது எத்தனை பேருக்கு இருக்கிறது?

இந்த வேலை ஏன் பெருகுகிறது என்பதையும் கேளுங்கள், சித்தப்பா கேட்கும் 'ஸ்கோப்' அங்கேதான் இருக்கிறது. ஓடிடி தளங்களின் போட்டியில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு ஸ்பெக் வைத்திருக்கிறது, கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற விதிப் பட்டியல். ஒரே படம் தியேட்டருக்கு ஒரு வடிவில், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வடிவில், விமானத்துக்கு வேறு வடிவில், மொழிக்கு ஒன்றாகப் போகிறது. ஒவ்வொன்றையும் யாராவது பார்த்தாக வேண்டும். அதற்கு மேல் அரசுகளின் விதிகள். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னிய சில நொடிகளால் 600-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிரிட்டனின் ஒளிபரப்பு வழிகாட்டுதலில் இன்று திரையின் கால் பங்குக்கு மேல் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக்கூடாது. அங்கே ஒளிபரப்பாக வேண்டிய நிகழ்ச்சி அந்தச் சோதனையைத் தாண்டியாக வேண்டும்.

ஒலிக்கும் அப்படியே. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் 2010-இல் ஆர்128 என்ற தரத்தை வெளியிட்டது. நிகழ்ச்சியின் சராசரி ஒலியளவு -23 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு அமெரிக்காவில், விளம்பரம் நிகழ்ச்சியைவிட உரக்க ஒலிக்கக் கூடாது என்று சட்டமே வந்தது. அந்தச் சட்டம் தொலைக்காட்சியோடு நின்றுவிட்டதால், ஓடிடி விளம்பரங்களுக்கும் அதை நீட்டித்து 2025 அக்டோபரில் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது. உங்கள் மகள் சோபாவில் உட்கார்ந்து முணுமுணுத்ததைத்தான் அங்கே சட்டமன்றத்தில் விவாதித்திருக்கிறார்கள் அம்மா. சப்டைட்டில் பிழைக்கும் இடமுண்டு: அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2014-இல் தொலைக்காட்சியின் எழுத்து வசனங்களுக்குப் பிழையின்மை, நேரப் பொருத்தம், முழுமை, திரையில் இருக்கும் இடம் என்று நான்கு அளவுகோல்களை வைத்தது.

இனி கசப்பு. தொடக்கச் சம்பளம் பெரிதல்ல. இரவு ஷிப்ட் உண்டு. ஒப்பந்த வேலை அதிகம். திரையில் பெயர் வந்தால் அதிசயம். எண்ணால் அளக்கக்கூடிய பிழைகளை, ஒலியளவு, கறுப்பு ஃபிரேம், திரை மின்னுவது போன்றவற்றை, மென்பொருள் ஏற்கெனவே மனிதனைவிட வேகமாகப் பிடிக்கிறது. பொத்தானை அழுத்தி அறிக்கையை அச்சடிப்பதோடு நிற்கும் ஆளுக்கு எதிர்காலம் இல்லை என்று மகளிடமே சொன்னேன். மென்பொருள் கறுப்பு ஃபிரேம் என்று கத்தும். அது எடிட்டர் வேண்டுமென்றே வைத்த இருட்டா, காணாமல் போன ஷாட்டா என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சில வருடங்களில் மாஸ்டரிங் (வெளியே போகும் இறுதிக் கோப்பைத் தயாரிப்பது), பிறகு டெலிவரி மேலாளர், போஸ்ட் புரொடக்ஷன் சூப்பர்வைசர் என்று ஏறுகிறார். பழைய படச்சுருள்களை மீட்டெடுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் இதே கண்தான் தேவை.

படிப்பு? இதற்கென்று நான்கு வருடப் பட்டம் தேடாதீர்கள். யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அவளுக்கு இயற்பியல் பிடிக்கிறது. கட்டணம் குறைந்த ஒரு கல்லூரியில் இயற்பியலோ மின்னணுவியலோ படிக்கட்டும். கூடுதலாக ஒரு மொழியைப் பிழையில்லாமல் எழுதப் பழகட்டும், சப்டைட்டில் சரிபார்ப்பில் அது தனி மதிப்பு. ஆர்128 ஆவணத்தை இலவசமாகவே எடுத்துப் படிக்கலாம், சில பக்கங்கள்தான். எடிட்டிங், கலர் வேலைகளுக்கான டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். தியேட்டருக்குப் போகும் டிசிபி கோப்பை வீட்டிலேயே செய்து பார்க்க டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பெரிய தளங்கள் சிலவற்றின் ஸ்பெக் ஆவணங்கள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. இவ்வளவையும் கற்க ஆகும் செலவு, அந்தக் கையேட்டின் விண்ணப்பக் கட்டணத்தைவிடக் குறைவு.

"ஆனால் சார், சித்தப்பாவிடம் என்ன சொல்வது?" என்றார் அப்பா. அதுதான் அவருடைய உண்மையான கவலை, படிப்பு இரண்டாவது. சித்தப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: கையேடு அச்சிட்ட அந்தக் கல்வி நிறுவனத்தில் மூன்று ஆண்டுக்கு முன் முடித்தவர்களில் இன்றும் இதே துறையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஐந்து பேருடன் பேச முடியுமா? மாணவர் வேலைகளைத் தொகுத்துக் காட்டும் பளபளக்கும் ஷோரீல் பதில் ஆகாது. பதில் வரும்வரை அடமானப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம். பதில் நன்றாகவே வந்தாலும், வரையப் பிடிக்காத பெண்ணை அங்கே சேர்க்க வேண்டாம்.

மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஏதாவது ஒரு படம், முழுதாக, ஓட்டித் தள்ளாமல். ஒவ்வொரு பிழைக்கும் நேரம், வகை, கடுமை என்று ஒரு அட்டவணை. உண்மையான பிழை எது, இயக்குநரின் விருப்பம் எது என்று பிரித்து எழுத வேண்டும். குறைந்தது நாற்பது வரி தேறினால் வரச் சொன்னேன். கதவருகே போனவள் திரும்பி, "சார், முன்னும் பின்னும் நகர்த்திப் போட்டீர்களே, அந்தக் காட்சியில் அவர் கழுத்துப்பட்டி இரண்டாவது ஷாட்டில் மாறிவிட்டது. அது கணக்கில் வருமா?" என்று கேட்டாள். அந்தக் காட்சியை நான் எட்டு வருடமாக எல்லோருக்கும் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் போனபின் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மாறித்தான் இருக்கிறது.