தூரிகை கேள்வி – பதில்

கேள்வி: வெனிஸ் நகரத்துக் கால்வாய் ஒன்றை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பழகுகிறேன். கட்டடங்கள் ஓரளவு அமைந்துவிடுகின்றன. தண்ணீர் மட்டும் கண்ணாடித் தரைபோல் விறைத்து நிற்கிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: கட்டடத்தின் நிறத்தையே தண்ணீரிலும் அப்படியே இட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. வெளிர்ந்த சுவரின் பிம்பம் சுவரைவிடச் சற்று மங்கியும், இருண்ட வாசலின் பிம்பம் வாசலைவிடச் சற்று வெளிறியும் தெரியும் என்பதால், அதற்கேற்ப வண்ணங்களைத் தனியாகக் குழைத்துக்கொள்ளுங்கள். பிம்பத்தை முதலில் மேலிருந்து கீழாகத் தீட்டி, ஈரம் காயும் முன்பே, உலர்ந்த மென்மையான தட்டைத் தூரிகையால் இடமிருந்து வலமாக மெல்ல வருடினால், விளிம்புகள் கலைந்து நீர்ப்பரப்பு படுக்கை நிலைக்கு வந்துவிடும். ஒவ்வொரு வருடலுக்குப் பின்னும் தூரிகையைத் துணியில் துடைக்க வேண்டும். இல்லையென்றால் மிஞ்சுவது சேற்று நிறம்தான்.

வெனிஸ் காட்சிகளைத் தீட்டிப் புகழ்பெற்ற இத்தாலிய ஓவியர் கானலெட்டோ (1697–1768) தம் பிற்கால ஓவியங்களில் சிற்றலைகளைச் சிறு வளைகோடுகளாக இட்டார். அவர் கையில் அது அழகு. பழகுபவர் கையில் மீன் செதிலாகிவிடும், எனவே இப்போதைக்கு வேண்டாம்.

அடிப்பூச்சை டர்பன்டைன் கலந்து மெல்லியதாகவும், மேற்பூச்சுகளில் ஆளி எண்ணெயைச் சற்றுக் கூட்டியும் இடுங்கள். முறை மாறினால் பின்னாளில் படலம் வெடிக்கும்.