14 பேர் விருந்தில் 3 பேர் சைவம்: சில கேள்விகள், என் பதில்கள்

பண்டிகை நெருங்க நெருங்க எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "எங்கள் வீட்டில் எல்லோரும் அசைவம். வருகிறவர்களில் இரண்டு மூன்று பேர் சைவம். என்ன செய்வது?" கேட்பவருக்குக் கொஞ்சம் பதற்றம், கொஞ்சம் சலிப்பு. விருந்துச் சமையலிலேயே காலம் போன எனக்கு இரண்டும் புரியும். இந்த முறை வந்தவற்றில் எட்டை எடுத்துக்கொள்கிறேன்.

மொத்தம் 14 பேர் வருகிறார்கள். அதில் 3 பேர் சைவம். அந்த மூன்று பேருக்கு மட்டும் அளவாக ஒரு கிரேவி செய்தால் போதுமா?

போதாது. மூன்று பேருக்கு அளந்து செய்தால், கடைசியில் அந்த மூன்று பேருக்குத்தான் கிடைக்காமல் போகும். அசைவம் சாப்பிடுகிறவர் சைவத்தையும் எடுப்பார். சைவக்காரருக்கு அந்தப் பக்கம் போக வழியில்லை. மேசையில் மணக்க மணக்கக் கொண்டைக்கடலைக் கிரேவி இருந்தால் உங்கள் சித்தப்பா "ருசி மட்டும் பார்க்கிறேன்" என்று இரண்டு கரண்டி எடுப்பார். பின்னாலேயே பிள்ளைகள் வருவார்கள். பாவம், பேசிக்கொண்டே தாமதமாக வரும் சைவ விருந்தினருக்கு மிஞ்சுவது பாத்திரத்தின் அடிதான்.

நான் போடும் கணக்கு இது. சைவக்காரருக்கு ஆளுக்கு ஒரு முழுப் பங்கு, மற்றவர்களுக்கு ஆளுக்கு அரைப் பங்கு. உங்கள் வீட்டுக்கு 3 முழுப் பங்கு, 11 அரைப் பங்கு, ஆக மொத்தம் எட்டரை. 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கிய உணவு கொண்டைக்கடலை என்றால் ஒரு பங்குக்கு 65 முதல் 70 கிராம் உலர்ந்த கடலை, அதாவது சுமார் 600 கிராம் ஊறப்போட வேண்டும். வெந்தால் எடை இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேலே போகும். பந்தி தொடங்கும் முன் மூன்று பங்கைத் தனியே எடுத்து மூடி வைத்துவிடுங்கள். இதை மட்டும் செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று. தனியாகச் சமைக்கிறேன் என்று கிளம்பும் முன், ஏற்கெனவே செய்யப்போகிறவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சோறு, ரொட்டி, வறுத்த காய்கறி, சாலட், உருளைக்கிழங்கு என்று பாதிக்கு மேல் சைவமாகவே இருக்கும், அல்லது சைவத்துக்கு ஒரு அடி தள்ளி நிற்கும். காய்கறியை விலங்குக் கொழுப்பில் வறுக்காமல் எண்ணெயில் வறுத்தால் அது 14 பேருக்கும் ஆகிவிடும். ஒருவருக்கு மட்டும் தனித் தட்டு வைத்தால் அவர் விருந்தாளியாக இல்லாமல் நோயாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆனால் சாலட்டும் உருளைக்கிழங்கும் மட்டும் சாப்பாடு ஆகாது. பருப்பு, பயறு, டோஃபு, பனீர் என்று வயிறு நிரம்பும் ஏதாவது ஒன்று வேண்டும். வேகவைத்த பயறு வகைகளில் 100 கிராமுக்கு 8, 9 கிராம் புரதம் கிடைக்கிறது.

சூப்பை சிக்கன் ஸ்டாக்கில்தான் (கோழி எலும்பை வேகவைத்து வடித்த சாறு) எப்போதும் வைப்போம். சைவக்காரருக்குத் துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுத்தால் போதும் என்கிறார் என் மாமியார். சரியா?

மாமியாரோடு சண்டை மூட்டிவிட எனக்கு ஆசையில்லை. ஆனால் சரியில்லை. துண்டை எடுத்தாலும் சாறு அங்கேயேதான் இருக்கிறது. சைவம் என்றால் கறி கண்ணில் படாத சாப்பாடு என்று நிறையப் பேர் நல்லெண்ணத்தோடுதான் நினைக்கிறார்கள். விருந்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கண்ணில் படாத வகைதான்.

நான் சமையலறையில் முதலில் தேடுவது இவற்றை: ஸ்டாக் கட்டிகள் (மாட்டிறைச்சி, கோழி, மீன் என்று உறையில் சின்ன எழுத்தில் இருக்கும்), நெத்திலி மீன் சேர்ந்த வூஸ்டர்ஷைர் சாஸ், மீன் சாஸ், சிப்பி சாஸ், பன்றிக் கொழுப்பு சேர்த்த பேஸ்ட்ரி மாவு, ஜெலட்டின் சேர்ந்த மார்ஷ்மெல்லோ, இனிப்புகளில் வரும் 120 என்ற எண்ணுள்ள சிவப்பு நிறமி. அந்த நிறமி காக்கினியல் என்ற பூச்சியிலிருந்து வருவது.

சீஸிலும் ஒரு சங்கதி உண்டு. பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரென்னெட் சில வகைகளில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. இப்போது பெரும்பாலான தொழிற்சாலைச் சீஸ்களில் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்ததைத்தான் சேர்க்கிறார்கள். ஆனால் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியச் சீஸுக்குக் கன்றின் ரென்னெட்டைத்தான் சேர்க்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. சைவக்காரர்கள் எல்லோரும் இந்த அளவுக்குப் பார்ப்பதில்லை. பார்ப்பவரா என்று கேட்டுவிட்டால் முடிந்தது.

எலும்பு ஸ்டாக் இல்லாமல் கிரேவி சப்பென்று இருக்கிறது. உப்பைக் கூட்டியும் பயனில்லை.

உப்பால் சரியாகாது, ஏனென்றால் குறைவது உப்பு இல்லை. எலும்பு கொடுக்கும் அந்த ஆழத்துக்கு உமாமி என்று பெயர். 1908-இல் கிகுனே இகெடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கொம்பு என்ற கடல்பாசியைக் கொதிக்கவைத்து, அந்தச் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டுபிடித்தார். பாருங்கள், அந்தச் சுவையைப் பிடித்ததே ஒரு சைவப் பொருளிலிருந்துதான்.

தக்காளி விழுதிலும் சோயா சாஸிலும் குளூட்டமேட் நிறைய உண்டு. உலர்ந்த ஷிட்டாக்கே காளானில் குவானிலேட் என்ற வேறொரு பொருள் இருக்கிறது. இரண்டும் சேரும்போது சுவை கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு கைப்பிடி உலர்ந்த காளானை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். வெங்காயத்தை அவசரப்படாமல் பழுப்பாகும் வரை வதக்குங்கள். இதற்கு 20 நிமிடமாவது ஆகும், பத்து நிமிடத்தில் ஆகும் என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுது சேர்த்து, சிவப்பு செங்கல் நிறமாகி அடியில் லேசாகப் பிடிக்கும் வரை கிளறுங்கள். பிறகு காளான் தண்ணீரை வடிகட்டி ஊற்றி, அடியில் பிடித்ததைச் சுரண்டிக் கரைத்துவிட்டு, கடைசியில் ஒரு தேக்கரண்டி சோயா சாஸ். ஊறிய காளானை நறுக்கி அதிலேயே போடுங்கள். காய்கறி ஸ்டாக்கை மட்டும் மணிக்கணக்காகக் கொதிக்கவிட வேண்டாம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனால் கசப்புத் தட்டும்.

என்னிடம் ஒரே ஒரு அவன், இரண்டே அடுப்பு. இரண்டு வகையும் எப்படிச் செய்வது?

வரிசையில்தான் இருக்கிறது. சைவம் முதலில், அசைவம் பிறகு. எண்ணெயில் பொரிப்பதாக இருந்தால் காய்கறியை முதலில் பொரித்து எடுத்துவிட்டு அதே எண்ணெயில் மீனைப் போடலாம், தலைகீழாகச் செய்யக்கூடாது. அவனில் இரண்டையும் சேர்த்து வைப்பதாக இருந்தால் சைவத் தட்டு மேல் அடுக்கில், மூடியோடு. கறியிலிருந்து சொட்டும் கொழுப்பு கீழேதான் விழும். கிரேவி போன்றவை முந்தின நாளே செய்து வைக்க நல்லவை, ருசியும் கூடும்.

சமைக்கும்போது காட்டும் கவனத்தைப் பரிமாறும்போது விட்டுவிடுகிறோம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி போடுங்கள், நீளமான காம்போடு. மேசையில் சைவத்தை ஒரு கோடியில், வரிசை தொடங்கும் பக்கம் வையுங்கள். கறிக் கரண்டி அதன் தலைக்கு மேலே போய்வர வழி இருக்கக்கூடாது.

"நான் சைவம், ஆனால் மீன் சாப்பிடுவேன்" என்கிறார் ஒருவர். இன்னொருவர் பால்கூட வேண்டாம் என்கிறார். யார்தான் சைவம்?

அதைத் தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. முட்டை, பால், மீன், தேன், வெங்காயம், பூண்டு. இந்த ஆறையும் ஒவ்வொன்றாகச் சொல்லி "இது ஆகுமா?" என்று ஒரு வாரம் முன்பே கேளுங்கள். ஒவ்வாமை இருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள், சைவ உணவில் முந்திரியும் சோயாவும் அடிக்கடி வரும். பால், தேன் எதுவும் தொடாதவர்களுக்கு வீகன் என்ற பெயர் 1944-இல்தான் உருவானது. பலர் இன்னும் தங்களைச் சைவம் என்றே சொல்லிக்கொள்வார்கள், ஆகவே பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒத்துவருவதாக ஒரே ஒரு முக்கிய உணவு வேண்டும் என்றால் அதை வீகனாகவே செய்துவிடுங்கள்.

போன வருடம் ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் இரவு முழுக்க வேகவைத்தேன். சாப்பிட்டவர்களில் நாலைந்து பேருக்கு வாந்தி. ராஜ்மா கெட்டுப்போயிருந்ததா?

கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று இல்லை. வேகாமல் இருந்திருக்கலாம். பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. நாலைந்து பச்சைக் கொட்டையே வாந்தியை வரவழைக்கப் போதும். நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். ஸ்லோ குக்கரில் பலசமயம் அந்தக் கொதிநிலை வருவதில்லை. இதில் கொடுமை என்னவென்றால், 80 டிகிரி அளவில் அரைகுறையாகச் சூடாக்கினால் நச்சு பச்சையில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடலாம். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் தொடங்கும். உங்கள் வீட்டில் அந்த நேரக் கணக்கு பொருந்துகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அதன்பின் ஸ்லோ குக்கருக்கு மாற்றலாம். டப்பாவில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை. ராஜ்மாவைவிட்டு ஒரு பொது விஷயம்: சமைத்த எதையும் மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு வைக்காதீர்கள். சூடாக வைப்பதாக இருந்தால் 60 டிகிரிக்கு மேல், குளிர வைப்பதாக இருந்தால் 5 டிகிரிக்குக் கீழ். விருந்துப் பேச்சில் மணி ஓடுவதே தெரியாது.

ஜெல்லி, புட்டிங் எல்லாம் ஜெலட்டினில்தான் செய்வேன். மாற்று என்ன?

கடல்பாசி, அதாவது அகர் அகர். 250 மில்லி திரவத்துக்குச் சுமார் 2 கிராம் தூள். வெந்நீரில் கலக்கினால் கரையாது, இரண்டு நிமிடமாவது கொதிக்க வேண்டும். ஜெலட்டின் மாதிரி வாயில் உருகாது, கொஞ்சம் விறைப்பாக நிற்கும். ஆனால் வெயில் நேரத்திலும் மேசையில் இளகாது. பச்சை அன்னாசியைப் போட்டால் ஜெலட்டின் உறையாமல் தண்ணீராகவே கிடக்கும், ஏனென்றால் பழத்தின் நொதி அந்தப் புரதத்தை அறுத்துவிடும். அகர் புரதமே இல்லை என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

சைவ விருந்தினர் ஒருவர் தெரியாமல் கறி சேர்ந்ததைச் சாப்பிட்டுவிட்டார். அவருக்குத் தெரியாது. சொல்லலாமா, விட்டுவிடலாமா?

சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டு, உடனே, சுருக்கமாக. "தெரிந்தால்தானே வருத்தம்" என்று நினைப்பது நம் சௌகரியத்துக்காக.

இது எனக்கே நடந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு வீட்டு விருந்தில் காய்கறி சூப் என்று நான் கொடுத்ததில் உதவிக்கு வந்த பையன் கோழி ஸ்டாக்கை ஊற்றியிருந்தான். இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்த பெரியம்மா ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "நீயாவது சொன்னாயே, எத்தனை பேர் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. அன்றிலிருந்து என் சமையலறையில் சைவப் பாத்திரங்களின் கைப்பிடியில் பச்சைத் துணி கட்டியிருக்கும். உதவிக்கு வருகிறவரிடம் முதலில் காட்டுவது அந்தத் துணியைத்தான்.