கரடி புகுந்த கேம்பர், எலி கடித்த ஒயர்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே ரகம்: விலங்கு சேதப்படுத்திய கேம்பர் டிரெய்லர், அதாவது காரின் பின்னால் கோர்த்து இழுத்துப் போகும் சக்கர வீடு. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: நிறுத்தி வைத்திருந்த கேம்பருக்குள் ராத்திரி கரடி புகுந்துவிட்டது. ஜன்னலைச் சட்டத்தோடு பிடுங்கியிருக்கிறது. அலமாரி, மெத்தை, ஃப்ரிட்ஜ் கதவு எல்லாம் போச்சு. இழுத்துப் போகும் காருக்கு முழு இன்சூரன்ஸ் இருக்கிறது. அது டிரெய்லருக்கும் செல்லுமா? முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கரடி போய்விட்டதா என்று தூரத்தில் நின்றே உறுதி செய்துகொள்ளுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உள்ளே போன கரடியின் உடம்பு பட்டுக் கதவு சாத்திக்கொண்டால், மிரண்டுபோய் வெளியேற வழி தேடி சுவரையெல்லாம் கிழிக்கும். உள்ளே சிக்கிய கரடி செய்யும் நாசம், தின்ன வந்த கரடி செய்வதைவிடப் பல மடங்கு.

அடுத்தது கேஸ். கரடி உரசியதில் அடுப்பின் குமிழ் திரும்பியிருக்கலாம்; ஃப்ரிட்ஜை இழுத்திருந்தால் பின்னால் இருக்கும் கேஸ் குழாயின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். வெளியே உள்ள சிலிண்டர் வால்வை மூடுங்கள். வாடை வந்தால் உள்ளே ஒரு சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது; தரையோடு தேங்கி நிற்கும். கதவைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். கேஸ் மெக்கானிக் கசிவு சோதனை செய்யும்வரை அடுப்பு, ஹீட்டர், ஃப்ரிட்ஜ் எதையும் பற்றவைக்கக் கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு. பெரும்பாலான கார் பாலிசிகளில், டிரெய்லர் காரோடு கோர்த்திருக்கும்போது அது மற்றவர்களுக்கு விளைவிக்கும் சேதம் மட்டுமே சேரும். டிரெய்லருக்கே ஏற்படும் சேதத்துக்கு அதற்கென்று தனி பாலிசியோ, கார் பாலிசியில் டிரெய்லரைப் பெயர் சொல்லிச் சேர்த்த பதிவோ இருக்க வேண்டும். அப்படி இருந்தால், மோதல் தவிர்த்த பிற சேதங்களுக்கான பிரிவில் கரடி வழக்கமாக அடங்கிவிடும்.

எதையும் பெருக்கித் தள்ளுவதற்கு முன் படம் எடுங்கள். முதலில் நான்கு பக்கச் சுவரும் முழுதாக. பிறகு ஒவ்வொரு சேதத்துக்கும் இரண்டு படம்: எட்ட நின்று ஒன்று, அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து நெருக்கத்தில் ஒன்று. நகக்கீறல், ஒட்டியிருக்கும் முடி, மண்ணில் பதிந்த பாதத் தடம் ஆகியவற்றைக் கட்டாயம் எடுங்கள். திருடன் உடைத்தானா, விலங்கு உடைத்ததா என்ற சந்தேகத்தை அடக்குவது இந்தப் படங்கள்தான். வண்டியின் அடையாள எண் பொறித்த தகடு, ஃப்ரிட்ஜ், ஹீட்டர், ஏசி ஆகியவற்றின் மாடல் எண் ஒட்டிய சீட்டு, இவையும் வேண்டும். வனத்துறையிடமோ முகாம் அலுவலகத்திடமோ புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே உணவு இருந்ததா என்று சர்வேயர் (சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் ஆள்) கேட்டால் மழுப்பாதீர்கள். கவனக்குறைவைவிடப் பொய்தான் கிளெய்மைக் கெடுக்கும்.

சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்று ஒரு விதி அநேகமாக எல்லாப் பாலிசியிலும் இருக்கும். பிடுங்கிய ஜன்னல் வழியாக மழை இறங்கித் தரை ஊறினால், அந்தத் தரைக்குப் பணம் வராமல் போகலாம். தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். சுவரில் புதிதாகத் திருகாணி அடிக்காதீர்கள். தார்ப்பாய், கயிறு, டேப் எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள், அந்தச் செலவையும் கேட்டு வாங்கலாம். கிழிந்த மெத்தையைக்கூட சர்வேயர் பார்க்கும்வரை எறிய வேண்டாம்.

பட்டியலை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். வண்டியோடு வந்த மெத்தை, ஃப்ரிட்ஜ், வெளிப்பந்தல் ஆகியவை வண்டியின் கணக்கு. போர்வை, பாத்திரம், துணிமணி ஆகியவை உடைமைக் கணக்கு; அதற்குத் தனி உச்சவரம்பு உண்டு, பெரும்பாலும் சின்னத் தொகை. வண்டியோடு வந்த மெத்தையை உடைமைப் பட்டியலில் எழுதி நஷ்டப்படுபவர்கள் நிறைய.

கேள்வி: பல மாதம் நிறுத்தியிருந்த கேம்பரைத் திறந்தால் எலிப் புழுக்கை, கூடு, கடித்த ஒயர். இன்சூரன்சில் ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். நியாயமா? சுத்தம் செய்வது எப்படி?

பதில்: நியாயமோ இல்லையோ, பாலிசியில் எழுதியிருக்கும். கொறிக்கும் பிராணி, பூச்சி, பறவை ஆகியவற்றால் வரும் சேதத்தைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. இவை ஒரே நாளில் நடப்பதில்லை, கவனித்தால் தடுக்கலாம் என்பது அவர்கள் கட்சி. ஆனாலும் அந்த ஒரு வரியோடு விடாதீர்கள். எந்த விதியின்படி மறுப்பு என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பிறகு பாலிசியில் மூன்று இடங்களைப் படியுங்கள்: விலக்குப் பட்டியல், அந்த விலக்குக்கு உள்ள விதிவிலக்கு, கடைசியில் இணைத்திருக்கும் கூடுதல் தாள்கள். எலி கடித்த ஒயருக்குப் பணம் கிடையாது, ஆனால் அந்த ஒயரால் பற்றிய தீக்கு உண்டு என்கிற பாலிசிகள் இருக்கின்றன.

எந்தப் பிராணி என்பதும் முக்கியம். அணில் கொறிணி இனம். பெயரில் பன்றி இருந்தாலும் முள்ளம்பன்றியும் கொறிணிதான்; உப்புச்சுவை தேடி ஒயர், ரப்பர் குழாய், டயரைக்கூடக் கடிக்கும். முயலும் ரக்கூனும் (வட அமெரிக்கச் சிறு காட்டு விலங்கு) கொறிணி அல்ல. கூரையைக் கிழித்தது ரக்கூன் என்று தடத்தோடு காட்ட முடிந்தால், “கொறிணி” என்று மட்டும் எழுதியிருக்கும் விலக்கு அதற்குப் பொருந்தாது. “தொல்லைதரும் பிராணிகள்” என்று பொதுவாக எழுதியிருந்தால் வாதம் கடினம்.

சுத்தம் செய்வதில் அவசரம் ஆபத்து. சில வகை எலிகளின் புழுக்கையும் சிறுநீரும் காய்ந்து தூசியாகும்போது ஹாண்டா வைரஸ் மூச்சில் போகலாம். அதனால் துடைப்பமும் கூடாது, வேக்குவம் கிளீனரும் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு 30 நிமிடமாவது வெளியே இருங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து புழுக்கையும் கூடும் நன்றாக நனையும்படி தெளியுங்கள். 5 நிமிடம் ஊறட்டும். காகிதத் துண்டால் வழித்து, பையில் கட்டி எறியுங்கள். பிறகு தரையையும் அலமாரியையும் அதே கலவையில் துடையுங்கள். பிளீச்சோடு அமோனியா கலந்த எதையும் சேர்க்கவே கூடாது. சிறுநீர் ஊறிய மெத்தை, வெப்பக்காப்புப் பஞ்சு இரண்டையும் காப்பாற்ற முயல வேண்டாம். ஹீட்டரைப் போடுவதற்கு முன் அதன் காற்றுக் குழாய்களைத் திறந்து பாருங்கள். கூடு கட்ட எலிக்கு மிகப் பிடித்த இடம் அது.

ஒயர் விஷயத்தில் பலர் செய்யும் தவறு, இரண்டு முனையையும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது. வண்டியின் அடியில் டேப் நிற்காது. ஈரம் செம்புக்குள் ஏறிப் பச்சை பூக்கும். விளக்கு மங்கும், பிரேக் சோரும். பளபளப்பான செம்பு தெரியும்வரை இரு பக்கமும் வெட்டுங்கள். உள்ளே பசை தடவிய, சூட்டில் சுருங்கும் கனெக்டரைப் போட்டு, அதற்கான இடுக்கியால் நெரித்து, சூடு காட்டுங்கள். இரு முனையிலும் பசை மணிமணியாகப் பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் இன்னும் அடைபடவில்லை என்று அர்த்தம். புதுத் துண்டின் தடிமன் பழைய ஒயருக்குக் குறையக் கூடாது. இதெல்லாம் 12 வோல்ட் ஒயருக்கு. வெளி மின்சாரம் ஓடும் கேபிளில் பல் பட்டிருந்தால் ஒட்டுப்போடும் பேச்சே வேண்டாம். ஒரு ஜங்ஷன் பெட்டியிலிருந்து அடுத்தது வரை எலக்ட்ரீஷியனை வைத்து முழுதாக மாற்றுங்கள்.

ஓட்டை அடைக்கும்போது ஒரு பென்சிலை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். சுண்டெலிக்கு 6 மி.மீ. போதும், பெரிய எலிக்கு 12 மி.மீ. தண்ணீர்க் குழாயும் கேபிளும் தரையைத் துளைத்து இறங்கும் இடங்கள்தான் வழக்கமான வாசல். ஃபோமை மட்டும் அடித்தால் கடித்துத் துளைத்துவிடும். முதலில் செம்பு வலையைத் திணித்து, அதன்மேல் சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) பூசுங்கள். சாதாரண இரும்பு நார் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் நாயே கதவையும் உள்சுவரையும் பிறாண்டிவிட்டது. கிளெய்ம் செய்யலாமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. சொந்தச் செல்லப்பிராணி செய்த சேதத்தை அநேகமாக எல்லோரும் விலக்குகிறார்கள். கூடுதல் இணைப்பு வாங்கியிருந்தால் ஒழிய, நீங்களே சரிசெய்துகொள்வது லாபம். அடுத்தவரின் மாடு வந்து உரசித் தகட்டை நெளித்திருந்தால் கதை வேறு. மாட்டுக்காரரின் பொறுப்புக் காப்பீட்டைக் கேட்கலாம்.

கேள்வி: கரடி கிழித்த ஃபைபர் சுவரில் கிழிசல் ஒரு முழம்தான். அந்த இடத்தை மட்டும் ஒட்டினால் போதும் என்கிறார் சர்வேயர். முழுச் சுவரையும் மாற்ற வேண்டும் என்கிறது பட்டறை. யார் சொல்வது சரி?

பதில்: சுவரைத் தட்டிப் பார்த்தால் தெரியும். இந்த வகைச் சுவர் ஒரு சாண்ட்விச்: வெளியே மெல்லிய ஃபைபர் தோல், அதன் பின்னால் மெல்லிய பிளைவுட், நடுவில் ஃபோம், உள்ளே மறுபடி பிளைவுட். எல்லாம் பசையால் ஒன்றாக அழுத்தியது. கரடி இழுக்கும்போது கிழிசலைச் சுற்றியும் பசை விட்டுப்போயிருக்கலாம். விரல் முட்டியால் கிழிசலிலிருந்து வெளிப்புறமாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் நல்ல இடம். தொளதொளவென்று ஒலித்தால் தோல் விட்டுவிட்டது. அந்த எல்லையை மாஸ்க்கிங் டேப்பால் குறியுங்கள். பிறகு உள்பக்கம் ஈரமானியை வையுங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டேப் எல்லைக்குள் பகுதி சிறியதாகவும் உலர்ந்தும் இருந்தால் சர்வேயர் சொல்வது சரி. ஜன்னல் ஓரம்வரை தொளதொளத்தாலோ ஈரம் காட்டினாலோ பட்டறை பக்கம்தான் நியாயம். டேப் ஒட்டிய சுவரையும் ஈரமானியின் எண்ணையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புங்கள். வாக்குவாதம் பாதி அங்கேயே முடியும்.

மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு அடித்த வண்டி என்றால் வேறு கணக்கு. தகடுகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டவை; நடுவில் ஒன்றை மாற்ற மூலைப்பட்டியைக் கழற்றிப் பக்கத்துத் தகடுகளையும் அவிழ்க்க வேண்டும். பொருளைவிடக் கூலி அதிகமாவது அதனால்தான். மதிப்பீட்டில் கூலி மணிக்கணக்கு தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் மதிப்பீடு கடைசி மதிப்பீடு அல்ல. சுவரைத் திறந்ததும் உள்ளே உளுத்த சட்டம் வரும், நெளிந்த ஜன்னல் வாய் வரும். அப்போது வேலையை நிறுத்திவிட்டு, படத்தோடு கூடுதல் மதிப்பீடு அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகு தொடரச் சொல்லுங்கள். முடித்துவிட்டுக் கேட்டால் இழுபறிதான். “முழுத் தீர்வு” என்ற தாளில் அதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, உங்கள் பாலிசி எந்த மதிப்பில் பணம் தருகிறது என்று பாருங்கள். சந்தை மதிப்பு என்றால் தேய்மானம் கழிப்பார்கள். பழைய வண்டியில் ரிப்பேர் செலவு அந்த மதிப்பை நெருங்கினாலே டோட்டல் லாஸ் (முழு இழப்பு) என்று முடித்துவிடுவார்கள். அந்தத் தொகை குறைவாகப் பட்டால், அதே மாடல், அதே வருடம், ஒத்த நிலையில் விற்பனைக்கு வந்திருக்கும் வண்டிகளின் விளம்பரங்களைச் சேகரித்துக் காட்டுங்கள். “நான் இவ்வளவுக்கு வாங்கியது” என்ற பேச்சு எடுபடாது.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது பார்க்க வேண்டியது மூட்டுப் பூச்சு. ஜன்னல் சட்டம், மூலைப்பட்டி இவற்றின் அடியில் புது பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டுப் பட்டை) போட்டிருக்க வேண்டும். ரப்பர் கூரையில் சிலிக்கான் பூசியிருந்தால் ஏற்காதீர்கள்: அது சரியாகப் பிடிக்காது, பின்னால் பூசும் சரியான சீலன்ட்டையும் பிடிக்க விடாது. கூரையில் தானாகப் பரவும் சீலன்ட், சுவரில் வழியாத சீலன்ட். இடம் மாறினால் கூரையில் மேடு, சுவரில் ஒழுகல்.

கேள்வி: சாலையில் மான் குறுக்கே பாய்ந்து டிரெய்லரின் முன்பெட்டியிலும் சக்கரப் பக்கத்திலும் மோதியது. வெளியே சின்ன நெளிவுதான். அப்படியே இழுத்துப் போகலாமா?

பதில்: கிளெய்மில் முதலில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மான் மோதியது வழக்கமாக, கரடியைப் போலவே, மோதல் தவிர்த்த பிற சேதங்களுக்கான பிரிவு. மானைத் தவிர்க்கத் திருப்பி மரத்தில் இடித்தது மோதல் பிரிவு. உங்கள் கையிலிருந்து போகும் முதல் பங்கு இரண்டுக்கும் வேறாக இருக்கலாம்.

இழுப்பதற்கு முன், வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி எஃகு அளவு நாடாவை எடுங்கள். டிரெய்லரின் கொக்கியில், காரின் இணைப்புப் பந்து உட்காரும் இடத்தின் நடுவிலிருந்து இடது ஆக்சில் முனைக்கு ஓர் அளவு, வலது முனைக்கு ஓர் அளவு. இரண்டும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆக்சிலோ சட்டமோ நகர்ந்திருக்கிறது; டயர் ஒரு பக்கமாகத் தேயும், ஓட்டும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரட்டை ஆக்சில் என்றால் ஒவ்வொரு பக்கமும் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே உள்ள தூரத்தையும் ஒப்பிடுங்கள்.

மின்சார பிரேக் இருந்தால், பிரேக் ஒயரில் அம்மீட்டரை இணைத்து முழு பிரேக் கொடுத்துப் பாருங்கள். 10, 12 அங்குல டிரம்மில் சக்கரத்துக்கு சுமார் 3 ஆம்பியர்; நான்கு சக்கரத்துக்கு 12 வர வேண்டும். 9 என்று நின்றால் ஒரு சக்கரத்தின் பிரேக் ஒயர் அறுந்திருக்கிறது. மான் மோதிய பக்கத்திலிருந்து தேட ஆரம்பியுங்கள்.