'ஷீ ரெட் ஹிஸ்டரி அட் கேம்பிரிட்ஜ்': எப்படி மொழிபெயர்ப்பது?

"கேம்பிரிட்ஜில் வரலாறு படித்தார்" என்று போடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் "கேம்பிரிட்ஜில் வரலாற்று நூல்களை வாசித்தார்" சரியில்லை. பிரிட்டிஷ் வழக்கில் ஒரு பாடத்தைப் பட்டத்துக்காகப் படிப்பதையும் 'ரீட்' என்பார்கள். அகராதியில் முதலில் இருந்த பொருளை எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'ஸ்டடி'யைப் போட்டுப் பாருங்கள். வாக்கியம் நின்று, பின்னால் பல்கலைக்கழகப் பெயரும் வந்தால் பட்டப்படிப்புதான்.

எழுவாய் மனிதரே இல்லையென்றால் கதை வேறு. 'தெர்மாமீட்டர் ரீட்ஸ் 102' என்றால் 102 காட்டுகிறது. 'தி நோட்டீஸ் ரீட்ஸ்' என்றால் அறிவிப்பில் இப்படி எழுதியிருக்கிறது. எழுவாய் மனிதராக இருந்தாலும் வயர்லெஸ்ஸில் 'டூ யூ ரீட் மீ?' என்பது "நான் பேசுவது கேட்கிறதா?" (இதை "என்னை வாசிக்கிறாயா" என்று சப்டைட்டிலில் போட்டால் சிரிப்பார்கள்.)

காலத்தையும் பாருங்கள், ஆங்கிலத்தில் 'ரீட்'டுக்கும் 'ரெட்'டுக்கும் எழுத்து ஒன்றுதான். 'ஷீ'க்குப் பின் கடைசியில் 'எஸ்' இல்லாமல் வந்தால் இறந்தகாலம், உச்சரிப்பு 'ரெட்'. 'ஐ', 'தே' வந்தால் இந்த வழி உதவாது, 'யெஸ்டர்டே' மாதிரி சொல்லைத் தேட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பழைய அமெரிக்க வாழ்க்கை வரலாறுகளில் 'ரெட் லா' என்றால் கல்லூரிப் படிப்பு அல்ல. ஆபிரகாம் லிங்கன் சட்டக் கல்லூரிக்கே போகாமல், தாமே சட்ட நூல்களைப் படித்து 1836-இல் வக்கீல் உரிமம் வாங்கியவர். அங்கே "சட்டப் பட்டம் பெற்றார்" என்று எழுதிவிடாதீர்கள்.