ஊர் நடுகல்லுக்கு மேடை கட்டி பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். தடுக்க வேண்டுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் கிராமம். ஊர் எல்லையில் ஒரு பழைய நடுகல் இருக்கிறது, வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பையன்கள் பணம் திரட்டி சிமென்ட் மேடை, டைல்ஸ், கல்லுக்கு பெயின்ட், மேலே ஷெட் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். "பழைய சின்னம், தொடக்கூடாது" என்றால், "அப்போ சாமி வெயிலில் கிடக்கட்டுமா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். பாதுகாப்பு என்பது உண்மையில் என்ன? எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

பதில்:

மேடையையும் பெயின்ட்டையும் தடுங்கள். ஷெட்டைத் தடுக்க வேண்டாம், கொஞ்சம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பூசையைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

நான் தருமபுரிக்காரன். கட்டட வேலை மேற்பார்வை பார்ப்பவன். பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலைகளிலும் இருந்திருக்கிறேன். தொல்லியல் படித்தவனில்லை, அதனால் கல், காரை, தண்ணீர் இவற்றை வைத்துத்தான் பேச முடியும்.

முதலில் ஊராரின் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. நடுகல் என்பதே செத்த வீரனைக் கும்பிடுவதற்காக நட்ட கல்தான். கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது என்று தொல்காப்பியமே அதற்கு முறை சொல்கிறது. நம் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது, அவன் கல்லுக்கு மயில் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் ஊற்றுகிறார்களே, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று ஔவையார் புலம்புகிறார். புறநானூற்றின் 232ஆவது பாட்டு அது. ஆக, படையல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதல்ல. அதை நிறுத்தச் சொல்வது கல்லை வைத்துக்கொண்டு நடுகல்லைத் தொலைப்பது மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இத்தனை நடுகற்கள் நின்றுகொண்டிருக்கக் காரணம் எந்தச் சட்டமும் இல்லை, வேடியப்பன்தான். கும்பிடாத கல் துணி துவைக்கப் போகும், வாய்க்கால் மேல் பாலமாகக் கிடக்கும், வரப்பில் புதையும். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பேசப் போகும்போது "நீங்கள் இத்தனை காலம் காப்பாற்றியிருக்கிறீர்கள்" என்று ஆரம்பியுங்கள். முகத்துக்காகச் சொல்வதாக இருக்க வேண்டாம், அது உண்மையும்கூட.

சரி, பாதுகாப்பு என்றால் என்ன என்பதற்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதற்கு ஒரு பெரிய சண்டையே நடந்தது. பிரான்சில் வியோலெ லெ டுக் என்ற கட்டடக் கலைஞர், ஒரு கட்டடத்தைச் சீரமைப்பதென்றால் அதை முழுமையான நிலைக்குக் கொண்டுவருவது என்றார். அந்த முழுமை எந்தக் காலத்திலும் இருந்திராத ஒன்றாக இருந்தாலும் அவருக்குப் பரவாயில்லை. இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் என்ற எழுத்தாளர் அதைப் பொய் வேலை என்றார். பழைய கல்லில் பழைய கை பட்டிருக்கிறது, அதை இன்னொருவன் திரும்பச் செய்ய முடியாது, ஒழுகாமலும் விழாமலும் பார்த்துக்கொண்டால் போதும் என்பது அவர் கட்சி. அவர் வழி வந்த வில்லியம் மோரிஸ் 1877இல் இதற்காகவே ஒரு சங்கம் தொடங்கினார். உங்கள் ஊரில் நடப்பதும் அதே சண்டைதான். பையன்கள் வியோலெ லெ டுக் கட்சி, நீங்கள் ரஸ்கின் கட்சி.

1964இல் வெனிஸ் நகரில் கூடி எழுதிய சாசனம்தான் இன்றைக்கும் இந்தத் துறைக்கு அடிப்படை. அதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும். புதிதாகச் சேர்த்தது பழையதோடு பொருந்த வேண்டும், ஆனால் புதியது என்று கண்டுபிடிக்கவும் முடிய வேண்டும். இதோடு, செய்ததைத் திரும்ப எடுக்க முடிய வேண்டும் என்று பிற்காலத்தில் வலுப்பட்ட கருத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் கடைசியாகச் சொன்னதே போதும். ஊர்க் கூட்டத்தில் சாசனம் எல்லாம் பேச முடியாது. "நாளைக்கு வேண்டாம் என்றால் கல்லுக்குச் சேதமில்லாமல் எடுக்க முடியுமா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் ஒவ்வொரு வேலைக்கும் போட்டுப் பாருங்கள். திட்டத்தில் பாதி தானாகவே விழுந்துவிடும்.

சிமென்ட் இந்தக் கேள்வியில் தோற்றுப்போகும். வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் வல்லுநர்களே அதைத் தூக்கிப் பிடித்தார்கள். 1931 ஏதென்ஸ் சாசனம், பழைய சின்னங்களை வலுப்படுத்தக் கம்பி போட்ட கான்கிரீட்டைப் பயன்படுத்தலாம் என்று ஒப்புதலே தந்தது. அதே ஏதென்ஸில் பார்த்தினான் கோயிலை எடுத்துக் கட்டிய பொறியாளர் நிக்கோலாஸ் பலானோஸ், சலவைக்கற்களை இரும்புப் பட்டை வைத்துப் பிணைத்தார். பழைய கிரேக்கர்களும் இரும்புதான் வைத்தார்கள், ஆனால் சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றிக் காற்றும் தண்ணீரும் படாமல் மூடியிருந்தார்கள். இவர் இரும்பை அப்படி மூடவில்லை. துரு பிடித்தால் இரும்பு பருக்கும், பருத்தால் கல்லைப் பிளக்கும். இரண்டாயிரம் ஆண்டு தாங்கிய கல், இருபதாம் நூற்றாண்டின் உதவியால் வெடித்தது. 1975இல் அமைத்த குழு அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்து வருகிறது. உங்கள் கல் உடைந்திருந்து, யாராவது டிரில் போட்டு டிஎம்டி கம்பி சொருகி ஒட்டலாம் என்று கிளம்பினால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சிமென்ட் ஏன் ஆகாது? சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். சுவருக்குள் போன ஈரம் அதன் வழியாகவே வெளியே வந்து காயும். காரை கல்லைவிட, செங்கல்லைவிட மெத்தென்று இருப்பதால், கட்டடம் கொஞ்சம் அசைந்தால் விரிசல் காரையில்தான் விழும், கல் தப்பிக்கும். சுண்ணாம்பை மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமென்ட் இரண்டையும் தலைகீழாக்குகிறது. ஈரத்தை உள்ளேயே அடைக்கும், அதிலுள்ள உப்பு ஈரத்தோடு நகர்ந்து போய் பழைய கட்டுமானத்தின் முகத்தில் படிகமாகி அதைப் பொரியப் பொரிய உதிர்க்கும். கல்லைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால், எடுக்கப் போனால் கல்லும் பெயர்ந்து வரும். கோயில் தளங்களில் இதைவிடக் கொடுமை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட பழைய தளம் ஒழுகுகிறது என்று மேலே ஒரு அடுக்கு சிமென்ட், சில வருடம் கழித்து இன்னொரு அடுக்கு என்று போட்டுக்கொண்டே போகிறார்கள். கீழே கல் பலகை அத்தனை பாரத்தையும் சுமக்கிறது, ஒழுகலும் நிற்பதில்லை. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மாதிரி விதானத்தில் ஓவியம் இருக்கும் இடத்தில் தளம் ஒழுகினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஓவியத்தைக் காப்பாற்றும் வேலை கூரைக்கு மேலே தொடங்குகிறது, தூரிகை அதற்கு அப்புறம்தான்.

உங்கள் நடுகல்லுக்கு இது எப்படிப் பொருந்தும்? மேடை கட்டினால் கல்லின் அடி ஒரு அடியாவது புதையும். கீழ்ப்பகுதியில்தான் வீரனின் கால், அவன் மீட்ட மாடு, சில கற்களில் எழுத்தின் கடைசி வரி இருக்கும். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தாக இருந்தால் கீறல் ஆழமே இருக்காது. எனாமல் பெயின்ட் இரண்டு கை அடித்தால் எழுத்து நிரம்பிவிடும். பிறகு அந்தப் பெயின்ட்டை எடுக்க ஒருவர் கம்பி பிரஷ், ஆசிட், மணல் பீய்ச்சும் மெஷின் என்று வருவார். பக்கத்து வட்டாரத்தில் ஒரு கோயில் தூணை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ததை நேரில் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது, மூக்கும் விரலும் மழுங்கியிருந்தன. தமிழ்நாட்டுக் கோயில்களில் மணல் பீய்ச்சுவதற்குத் தடை இருக்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்கு ஒருவர் ஜப்பானைச் சொல்வார். அங்கே இசே ஆலயத்தை இருபது வருடத்துக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள், நாம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்கிறோம், பழசைப் பிடித்துத் தொங்குவது வெள்ளைக்காரன் புத்தி என்று. வாதம் நல்ல வாதம்தான். 1994இல் நாரா நகரில் எழுதிய ஆவணம், எது அசல் என்பதை அந்தந்தப் பண்பாட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் இசேயில் அதே வகை மரம், அதே தச்சு முறை. கட்டடம் போனாலும் கை போகக்கூடாது என்பதற்காகவே திரும்பக் கட்டுகிறார்கள். நாம் திருப்பணி என்று டைல்ஸ் ஒட்டும்போது எந்தக் கையைக் காப்பாற்றுகிறோம்? கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்துப் பக்குவம் பார்க்கத் தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கம் அருகிப்போனார்கள். எனக்கு உடைந்த சிலையைவிட இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. சிலை உடைந்தால் படமாவது எடுத்து வைத்திருப்போம்.

மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாமே என்பவர்களும் உண்டு. ரோடு அகலமாக்கி கல்லைப் பெயர்க்கப் போகிறார்கள், திருட்டுப் பயம் இருக்கிறது என்றால் சரி. தருமபுரி அகழ்வைப்பகம் இல்லையென்றால் பல நடுகற்கள் இன்றைக்கு ஜல்லியாகியிருக்கும். மற்றபடி இடத்திலேயே நிற்கட்டும். அதியமான் பெருவழி என்ற பழைய சாலையின் தூரக் கல் ஒன்று நம் பகுதியில் கிடைத்தது. நாவற்றாவளம் என்ற இடத்துக்குக் காதம் 29 என்று அது சொல்கிறது, காதம் என்பது பழைய தூர அளவு. படிக்கத் தெரியாதவனுக்காக அதே எண்ணைக் குழிகளாகவும் வெட்டியிருக்கிறார்கள், பத்துக்குப் பெரிய குழி, ஒன்றுக்குச் சின்னக் குழி. அப்படிப்பட்ட கல்லை நகர்த்தினால் அந்த 29 பொய்யாகிவிடும். நடுகல்லும் அப்படித்தான், எந்த மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் நிற்கிறது என்பது அதன் கதையில் பாதி.

இனி உங்கள் வேலை. எதையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். உச்சி வெயிலில் வேண்டாம். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், முகத்தை ஒட்டினாற்போல் பிடித்தால் கீறல்கள் நிழல் விழுந்து எழுந்து வரும். எழுத்தின் மேல் சாக்பீஸ் போடாதீர்கள், தப்பாகப் படித்த எழுத்து அப்படியே நிலைத்துவிடும். எழுத்து தெரியட்டும் என்று மைதா மாவு தடவுவதும் வேண்டாம்.

மேடைக்குப் பதில், கல்லைச் சுற்றி ஒரு முழம் விட்டு, மணல் பரப்பி அதன்மேல் பலகைக்கல் பதிக்கச் சொல்லுங்கள், கலவை இல்லாமல். கிருஷ்ணகிரியில் பலகைக்கல்லுக்கா பஞ்சம்? இடையில் விட்ட ஒரு முழத்தில் ஆற்று மணலோ சிறு ஜல்லியோ போட்டால் தண்ணீர் தேங்காது. தரை வெளிப்பக்கம் சரிய வேண்டும். கல் கொஞ்சம் சாய்ந்திருந்தால் சாய்ந்தே இருக்கட்டும், விழும் நிலை என்றால் மட்டும் தொல்லியல் துறைக்காரர்களை வைத்து நிமிர்த்துங்கள்.

ஷெட் என்றால் நான்கு பக்கமும் திறந்தது, போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய தகரம். தூணுக்குக் குழியைக் கல்லை விட்டுத் தள்ளித் தோண்டுங்கள். நம் மண்ணில் நடுகல்லுக்குப் பக்கத்திலேயே பழைய ஈமக்குழிகளும் இருக்கலாம். பானை ஓடோ எலும்போ தென்பட்டால் அப்படியே நிறுத்திவிட்டு விஏஓவிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். விளக்கையும் கற்பூரத்தையும் கல்லின் முகத்தை ஒட்டி வைக்காமல் முன்னால் ஒரு தனிக் கல்லில் வைக்கலாம். கருங்கல்லைப் பிளக்க அந்தக் காலத்தில் தீ மூட்டித்தான் வெடிக்க வைத்தார்கள், சூடு அதற்கு ஆகாது. மஞ்சள், பால், எண்ணெய் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். எண்ணெய் படிந்து கருக்கும், கல்லை அரிக்காது.

சட்டத்தைப் பொறுத்தவரை, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2010 திருத்தமும் பொருந்தும். சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானம் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதியோடு மட்டும். மாநிலத் துறைக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உங்கள் கல் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் போலீஸ், கேஸ் என்று மிரட்டிப் பயனில்லை, ஊரும் உங்களுக்கு எதிராகத் திரும்பும். படங்களோடு மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். எழுத்து இருந்தால் மைப்படி எடுக்க, அதாவது எழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுக்க, ஆள் வர வாய்ப்பு உண்டு. வந்து படித்து, "இன்னாருடைய காலத்தில் மாடு மீட்டுச் செத்த வீரன் இவன்" என்று பூசாரி முன்னால் சொல்லிவிட்டால் பெயின்ட் பேச்சு அதோடு அடங்கிவிடும்.

அதற்குள் அடித்துவிட்டார்கள் என்றால் பதறாதீர்கள். எனாமல் அசிங்கமாக இருக்கும், எழுத்தை மூடும், ஆனால் கருங்கல்லை உடனே தின்றுவிடாது. சுரண்ட விடாதீர்கள், தின்னர் ஊற்றித் தேய்க்கவும் விடாதீர்கள். கல்லைச் சேதப்படுத்தாமல் பெயின்ட்டை ஊறவைத்து உரிக்க முறைகள் உண்டு. துறையின் வேதியியல் பிரிவினர் வரும் வரை அது அப்படியே இருக்கலாம். அடுத்த திருவிழாவுக்கு இரண்டாவது கை அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.