பாகுபாட்டை முதன்முதலாகக் கண்டு ஒரு குழந்தையின் வெள்ளை மனசு உடைகிற இடத்தை எந்தக் கதை நன்றாகச் சொல்லியிருக்கிறது?

கேட்டவருக்கு 11 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளோடு உட்கார்ந்து படிக்க ஒரு கதை வேண்டும் என்கிறார். இந்தக் கேள்விக்கு எல்லோரும் முதலில் சொல்வது ஹார்ப்பர் லீ 1960-இல் எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பர்ட்’ நாவலைத்தான். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

1930-களின் அலபாமா, அமெரிக்காவின் தென்மாநிலம். செய்யாத குற்றத்துக்காக டாம் ராபின்சன் என்ற கறுப்பின மனிதர் கூண்டில் நிற்கிறார். கல்யாணமாகிக் குழந்தைகள் உள்ள மனிதர், இடது கை வழங்காதவர். அரசுத் தரப்பு வக்கீல் அவரை ‘பையா’ என்று அழைத்து, ஏளனமாகக் குறுக்கு விசாரணை செய்கிறார். (பல் முளைத்த பொடியன்கள் நரைத்த தலைக்காரரைப் பெயர் சொல்லி ‘வாடா’ என்று கூப்பிட்ட தெருக்கள் நமக்கும் தெரியும்.) மாடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் டில் என்ற சிறுவன் அழ ஆரம்பிக்கிறான். அடக்க முடியவில்லை. கதையைச் சொல்லும் சிறுமி ஸ்கௌட் அவனை வெளியே அழைத்துப் போகிறாள். அந்த ஆள் பேசிய விதம் வயிற்றைப் புரட்டுகிறது என்கிறான் டில். அதற்கு அவள் சொல்லும் சமாதானம், “என்ன இருந்தாலும் அவர் ஒரு நீக்ரோதானே.”

அந்தத் ‘தானே’யை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். சொல்வது வில்லன் இல்லை. கதையின் நாயகி, டாமுக்காக வாதாடி ஊரையே பகைத்துக்கொண்ட வக்கீலின் செல்ல மகள், எட்டு வயதுப் பெண். அவளுக்கு யார் மேலும் வெறுப்பு கிடையாது. வீட்டில் அவளை வளர்ப்பதே ஒரு கறுப்பினப் பெண்மணிதான். இருந்தும் அந்தச் சொல் சிரமமே இல்லாமல் வாயில் வருகிறது. மரத்தடியில் அவர்களைச் சந்திக்கும் பெரியவர் ஒருவர் டில்லைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் இவன் இதற்கெல்லாம் அழமாட்டான் என்கிறார். எனக்கு அந்த நாவலிலேயே மிகவும் பயமாக இருந்த வரி அதுதான். டாம் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

ஏன் அது என்னை அப்படிப் பிடித்தது என்று சொல்ல, என் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வர வேண்டும்.

எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் நண்பன் ஒருவன் சாயங்காலம் விளையாட வருவான். கொல்லைப் படல் வரைதான் வருவான். ஏன் வாசல் வழியாக வருவதில்லை என்று நான் யோசித்ததே இல்லை. அப்பாயி தகர டின்னிலிருந்து முறுக்கு எடுத்து வருவார். எனக்கு உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பார். அவனைக் கையை ஏந்தச் சொல்லி, ஒரு முழம் மேலேயிருந்து விடுவார். அவன் இரண்டு கையையும் சேர்த்து, குனிந்து பிடித்துக்கொள்வான். ஒன்றிரண்டு துண்டு மண்ணில் விழும். அவன் ஊதிவிட்டுத் தின்பான்.

எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. உண்மையாகவே சொல்கிறேன், அப்பாயி அவனோடு மட்டும் ‘கேட்ச்’ விளையாடுகிறார் என்று நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒருநாள் அப்பாயி ஊரில் இல்லை. நானே டின்னைத் திறந்து எடுத்து வந்து, “பிடிடா!” என்று இன்னும் உயரத்திலிருந்து போட்டேன். அவன் கையை நீட்டவில்லை. முறுக்கு அவன் காலடியில் விழுந்து நொறுங்கியது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான். மறுநாள் வகுப்பில் வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். எதற்குக் கோபம் என்று எனக்குப் புரியவே இல்லை. பந்து யார் வீட்டில் இருக்கிறது என்ற சண்டையாக இருக்கும் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புரிந்தது கல்லூரியில், தலித் எழுத்தாளர் பாமாவின் ‘கருக்கு’ (1992) படித்தபோது. அது நாவல் இல்லை, தன்வரலாறு. ஆனாலும் இந்தக் கேள்விக்கு அதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளிக்கூடம் விட்டு, கடைத்தெருவை வேடிக்கை பார்த்தபடி வீட்டுக்கு வருகிறாள். களத்தில் நெல்லடிப்பு நடக்கிறது. அவள் தெருவைச் சேர்ந்த ஒரு பெரியவர், வடைப் பொட்டலத்தை அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி, காகிதத்தின் மேல் விரல் படாமல் தூக்கி வருகிறார். நாயக்கரிடம் போய்க் குனிந்து நீட்டுகிறார். அவ்வளவு பெரிய மனுசர் சின்னப் பிள்ளை மாதிரி பொட்டலத்தைத் தூக்கி வருவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று சொல்கிறார். சிரிப்பு போய்விடுகிறது. ஓடிப்போய் அந்த வடையைத் தானே தொட்டுவிட வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வருகிறது.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விடுதி மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிறுமி பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்த மாதிரிதான் நானும் முறுக்கை விளையாட்டு என்று நினைத்திருந்தேன். ஆனால் அவளுக்கு விஷயத்தைச் சொல்ல அன்று சாயங்காலமே அண்ணன் இருந்தார், ஏனென்றால் அவள் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். எனக்குச் சொல்ல வீட்டில் யாருக்கும் அவசியமே வரவில்லை. நான் 19 வயது வரை வெள்ளை மனசோடு திரிந்தேன். என் நண்பனுக்கு அது ஒன்பது வயது வரைகூட நிலைக்கவில்லை. நான் முறுக்கை உயர்த்திப் பிடித்த நேரத்தில் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கலாம். அதனால்தான் திட்டாமல் போனான் என்று இப்போது நினைக்கிறேன்.

அதனால்தான் ‘மாக்கிங்பர்ட்’ மட்டும் போதாது என்கிறேன். நல்ல நாவல்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதில் மனம் உடைகிற பிள்ளைகள் எல்லோரும் வெள்ளைப் பிள்ளைகள். ஸ்கௌட்டின் அண்ணன் ஜெம் தீர்ப்பைக் கேட்டு அழுகிறான், நமக்கும் தொண்டை அடைக்கிறது. டாம் ராபின்சனின் குழந்தைகள் அன்று ராத்திரி என்ன கேட்டிருப்பார்கள் என்பதற்கு அதில் பக்கமே இல்லை.

அந்தப் பக்கத்தை எழுதியவர் என்று நான் கறுப்பின எழுத்தாளர் மில்ட்ரெட் டெய்லரைச் சொல்வேன். அவருடைய ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ 1976-இல் வந்தது, மறு ஆண்டு, சிறுவர் நூல்களுக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கம் வாங்கியது. கதை நடப்பது 1933, மிசிசிப்பி. ஒன்பது வயது கேஸி சொல்கிறாள். அவள் தம்பிக்கு ஆறு வயது, பள்ளிக்கூடத்தில் முதல் நாள். சட்டையில் தூசு படாமல் நடக்கிற பிள்ளை. வெள்ளைப் பிள்ளைகளின் பேருந்து செம்மண் புழுதியை வாரி அடித்துவிட்டுப் போகிறது. வகுப்பில் புத்தகம் தருகிறார்கள் என்றதும் முகம் மலர்கிறது. கையில் வருவது அழுக்கேறிய கிழிசல். வேறு கேட்கிறான், கிடைக்காது என்கிறார் டீச்சர். சரி என்று வாங்கிப் பிரிக்கிறான். உள்ளட்டையில் ஓர் அட்டவணை. 1922-இல் புதிதாக வந்தபோது மாணவரின் இனம் ‘வெள்ளை’. வருடா வருடம் புத்தகத்தின் நிலை இறங்கிக்கொண்டே வருகிறது, இனம் மட்டும் ‘வெள்ளை’தான். 12-ஆவது வரி, 1933, ‘மிக மோசம்’. அதற்கு நேரே கறுப்பரை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல்.

அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே வாசிக்கத் தெரியும். புத்தகத்தைத் தரையில் வீசி மிதி மிதி என்று மிதிக்கிறான். டீச்சரும் கறுப்பினப் பெண்மணிதான். கேஸி அட்டவணையைக் காட்டியதும், நீங்கள் அதுதானே என்கிறார். இருவருக்கும் அடி விழுகிறது. அதே பள்ளியில் வேலை பார்க்கும் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, கத்தவில்லை. காகிதத்தை அளவாக வெட்டி, பசை தடவி, அந்தப் புத்தகங்களின் உள்ளட்டையில் அந்த அட்டவணை மேல் ஒட்டுகிறார்.

சரி, உங்கள் மகளுக்கு எது முதலில்? நான் ‘கருக்கு’வின் அந்த வடைப் பொட்டலப் பக்கத்தைச் சொல்வேன். மொத்தமே கொஞ்ச நேரம்தான் ஆகும். அப்புறம் கேஸியின் கதை, அதன் பிறகு ஸ்கௌட். படிக்கும்போது முன்கூட்டியே எதையும் விளக்கிவிடாதீர்கள். பெரியவர் நூலைப் பிடித்துத் தூக்கி வரும் இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும். கொஞ்ச வரி தள்ளி அண்ணன் வந்துவிடுவார்.