பதில்: தென்னை நார் சர்க்யூட் போர்டு சால்டரிங்கில் வளைகிறது

தம்பி, பொள்ளாச்சி நார் மில்லுல வாங்குன நாரை பிஎல்ஏங்கற மக்கும் பிளாஸ்டிக் கூட அழுத்திச் செஞ்ச போர்டு சால்டர் வைக்கறப்ப வளையுது, காப்பர் உரியுதுன்னு கேட்டிருக்கீங்க. நார் மேல தப்பில்லீங்க. பிஎல்ஏ 60 டிகிரி பக்கமே இளகி, 170-ஐ ஒட்டி உருகிரும். ஈயமில்லாத வழக்கமான சால்டர் உருகவே 217 வேணும், அயர்ன் முனை அதுக்கும் மேல. அப்பறம் எங்க தாங்கறது? டின்-பிஸ்மத் சால்டர் 138-லயே உருகும், அதை வெச்சுப் பாருங்க. ஆனா முனையை பேடுல (சால்டர் வைக்கற காப்பர் திட்டுல) நிறுத்தி வைக்காதீங்க, அந்தச் சூடும் பிஎல்ஏ உருகற அளவுக்குப் பக்கத்துலதான் நிக்குது.

நாரு தண்ணி குடிக்கும். அழுத்தறதுக்கு முன்னால ஓவன்ல நல்லாக் காய வைங்க, வெட்டுன ஓரத்துக்கு வார்னிஷ் அடிங்க.

சூடு தாங்கி, மறுபடி பிரிக்கவும் வரோணும்னா விட்ரிமர்ங்கற, கெட்டியா இருந்தாலும் மறுபடி உருமாத்த முடியற பாலிமர் பத்திப் படிங்க. 2024-ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல விட்ரிமர் போர்டுல இருந்து கண்ணாடி இழை முழுசும், பாலிமர்ல 98 சதவீதமும் திருப்பி எடுத்திருக்காங்க. எனக்கென்னமோ உங்க புராஜெக்டுக்கு அதுதான் சரியான வழி.

தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டருக்குள்ள இந்த போர்டை வைக்கற யோசனை மட்டும் வேண்டாங்க. 415 வோல்ட்டு, சித்திரை வெயில்ல கொதிக்கற தகரப் பெட்டி, தீத்தடுப்பு எதுவும் சேர்க்காத நாரு. பேட்டரில ஓடற மண் ஈரப்பத சென்சாருக்கு, நிழல்ல வெச்சு முதல்ல ஓட்டிப் பாருங்க.